ஸ்லோ நிற்காத வண்டி: எண்ணூர் ஆஸ்டினிலிருந்து இன்ஜெக்‌ஷன் கார் வரை

எர்ணாவூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்ட ஒரு சின்ன காரின் இன்ஜின் சட்டென்று அணைந்துபோனால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னால் நிற்கிற டிரெய்லர் டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு என் காரின் கூரை அவர் கண்ணில் பட்டால்தான் உண்டு. வரிசை நகரும். அவர் கிளட்சை விடுவார். நான் சாவியைத் திருகிக்கொண்டிருப்பேன். போன மழைக்காலத்தில் மூன்று முறை இப்படி ஆயிற்று. மூன்றாவது முறை பின் பம்பர் போனது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

அணைவதற்கு முன்னால் வண்டி ஒரு சேட்டை செய்யும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் சுற்று 800 பக்கம் வந்து நிற்க வேண்டும். நிற்காது. 1,500-க்கு ஏறும், பொத்தென்று 700-க்கு விழும், மறுபடி ஏறும். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தரம் இந்த ஏற்ற இறக்கம். சில நேரம் விழும்போது இன்னும் கீழே போய் அணைந்தே விடும். ஆனால் ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.

நம்ம மெக்கானிக்குகள் ‘ஐட்லிங்’ என்பதைவிட ‘ஸ்லோ’ என்றுதான் அதிகம் சொல்வார்கள். ‘ஸ்லோ நிக்கல’, ‘ஸ்லோ ஏறி எறங்குது’. கார் எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கார்பரேட்டர் போய் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த ஒரு பழைய சின்ன கார், அவ்வளவுதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐட்லிங் வால்வை மாற்றினார்கள். இன்னொன்றில் த்ராட்டில் சென்சாரை மாற்றினார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்தேன். ஸ்லோ மாறவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு பழைய சங்கதிகளைத் தோண்டப் போய்விடுவேன். இந்தத் தடவை அது வீண்போகவில்லை என்பதால்தான் இந்தக் குறிப்பு.

என் வண்டி அணைந்து நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் கார் கோத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகன் பெயர். இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, எண்ணூரில் தொழிற்சாலை வைத்து, 1949 செப்டம்பரில் முதல் ஆஸ்டின் ஏ-40 காரை வெளியே விட்டார்கள். இன்றைக்கு எண்ணூர் தொழிற்சாலை என்றால் லாரியும் பஸ்ஸும்தான் கண்முன் வரும். அங்கே முதலில் வந்தது 1,200 சிசி, நான்கு சிலிண்டர் உள்ள ஒரு குடும்பக் கார். 40 என்ற எண் அதன் குதிரைத்திறனைக் குறித்தது. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கும், இங்கே கோத்து முடுக்கி ஓடவிடுவார்கள்.

அந்த இன்ஜினில் ஸ்லோ வைப்பதற்கு இரண்டே ஸ்குரூதான். ஒன்று, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் காற்றுப் பாதையின் கதவு முழுசாக மூடிவிடாமல் மயிரிழை திறந்து நிறுத்துவது. அது ஸ்லோ ஸ்குரூ. இன்னொன்று, அந்த மயிரிழைக் காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. அது மிக்சர் ஸ்குரூ. இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திருகி, சத்தம் சீராகிற இடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். மீட்டர், ஸ்கேனர் எதுவும் கிடையாது, காதுதான்.

ஆனால் அந்தக் காலத்து நல்ல மெக்கானிக் கார்பரேட்டரைக் கடைசியில்தான் தொடுவார். முதலில் பிளக், பிறகு பாயிண்ட் இடைவெளி, டைமிங், டேப்பட். இவற்றில் எது தவறினாலும் வண்டி குலுங்கும். கார்பரேட்டரைத் திருகி அந்தக் குலுக்கலை மறைக்க முடியும், போக்க முடியாது. எல்லாம் சரியென்றால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார். சோக் இழுத்ததும் ஏற்ற இறக்கம் நின்று ஸ்லோ படிந்தால், பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று அதிகம் என்று அர்த்தம். இழுத்ததும் இன்னும் மோசமாகித் திணறினால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். பைசா செலவில்லாத சோதனை. என் காரில் கையால் இழுக்கிற சோக் இல்லை. அதை ஒரு நஷ்டமாக நான் நினைத்ததே கிடையாது, இப்போது நினைக்கிறேன்.

காற்று அதிகம் என்றால், எங்கிருந்து? இன்டேக் மேனிஃபோல்டு என்கிற குழாய்க்கூட்டத்தின் பேக்கிங் போயிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்கும் டப்பிக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கலாம். ரப்பர் ஓஸ் எங்காவது வெடித்திருக்கலாம். இதை ‘ஏர் புடிக்குது’ என்பார்கள். சந்தேகப்பட்ட இணைப்பில் ஆயிலைச் சொட்டுவிட்டு, சத்தம் மாறுகிறதா என்று கேட்பார்கள். சிலர் ஆயிலுக்குப் பதில் பெட்ரோலையே ஊற்றுவதும் உண்டு. சூடான சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் அதைச் செய்வது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஏன் இந்தக் காற்று ஸ்லோவில் மட்டும் வண்டியைப் படுத்துகிறது, ஓடும்போது தெரிவதில்லை? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ-40 மாதிரி 1,200 சிசி இன்ஜின் 800 சுற்றில் ஓடினால், நான்கு ஸ்ட்ரோக் என்பதால் நிமிடத்துக்கு 400 முறைதான் முழு அளவை உறிஞ்சும். 1.2 பெருக்கல் 400, மொத்தம் 480 லிட்டர். ஆனால் ஸ்லோவில் காற்றுக் கதவு மூடிக் கிடப்பதால் மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் இருக்கும். வாக்கும் மீட்டரில் இது 18 அங்குலம் என்று காட்டும். (அந்த மீட்டர்களின் புத்தக அளவுகள் எல்லாம் கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டவை. ஊட்டிக்காரர் கழித்துப் பார்க்க வேண்டும், ராயபுரத்துக்காரர் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.) ஆக, ஸ்லோவில் அந்த இன்ஜின் நிமிடத்துக்குக் குடிக்கிற வெளிக்காற்று சுமார் 190 லிட்டர். அந்த அழுத்த வித்தியாசத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றின் வழியாக உள்ளே பாயும் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர். கொத்தமல்லி விதை அளவு ஓட்டை, இன்ஜின் குடிப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அதே இன்ஜின் ரோட்டில் காற்றுக் கதவை விரியத் திறந்து ஓடும்போது உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஓட்டை இருந்த இடம் தெரியாது.

அதனால்தான் ‘ஓடுறப்போ நல்லாத்தான் ஓடுது, நின்னா தான் பிரச்சனை’ என்று சொன்னால் அனுபவசாலிகள் முதலில் ஓஸ்களைத் தடவிப் பார்க்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு வால்வும் ஒரு சென்சாரும் மிச்சமாகியிருக்கும்.

சரி, எண்ணூருக்குத் திரும்புவோம். அங்கே கார் நெடுநாள் நீடிக்கவில்லை. 1950-லேயே லேலண்ட் கம்பெனியோடு காமெட் லாரிக்கான ஒப்பந்தம் வந்துவிட்டது. 1953-இல் டாரிஃப் கமிஷன், இங்கே பாகங்களைச் செய்யத் திட்டமில்லாமல் வெறுமனே கோத்துக் கொடுப்பவர்களுக்கு இனி இடமில்லை என்ற திசையில் பரிந்துரைக்க, அரசு ஏற்றுக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. எண்ணூர் டீசல் பக்கம் திரும்பியது. 1955-இல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆனது.

தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் காரிலிருந்து லாரிக்கு மாறிய கதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஸ்லோ பைத்தியம் பிடித்திருந்த எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ஆஸ்டினின் பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்லோவில் காவல்காரன் தேவையில்லை. காற்றுக் கதவு மூடியிருக்கும்போது உள்ளே வரும் காற்றின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் வராது. இன்ஜின் கொஞ்சம் வேகமெடுத்தால் அதே காற்றை அதிக முறை பங்குபோட வேண்டியதாகி, ஒவ்வொரு அடிக்கும் கிடைப்பது குறையும். தானாகவே அடங்கிவிடும். இன்ஜினே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. டீசலில் காற்றுக்குக் கதவு கிடையாது, வேண்டிய மட்டும் குடிக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது பம்ப் தள்ளும் டீசல் மட்டும்தான். பம்பை ஒரே நிலையில் பூட்டி வைத்தால், சுற்று கூடக் கூட ஒவ்வொரு அடிக்கும் அது தள்ளும் டீசலும் கொஞ்சம் கூடவே செய்யும். கொஞ்சம் ஏறினால் ஏறிக்கொண்டே போகும், கொஞ்சம் இறங்கினால் அணைந்துபோகும். அதனால் டீசல் பம்புக்குள் கவர்னர் என்று ஒரு காவல்காரனை உட்கார வைத்தார்கள். சுற்று கூடினால் டீசலைக் குறை, குறைந்தால் கூட்டு.

காவல்காரன் வந்ததும் கூடவே அவனுடைய வியாதியும் வந்தது. டீசல் மெக்கானிக்குகள் அதை ‘ஹண்டிங்’ என்பார்கள். இன்ஜின் சரியான வேகத்தைத் தேடித் தேடி ஏறி இறங்குவது. சின்ன டீசல் இன்ஜின்களில் காற்றுக் குழாயின் வாக்குமை வைத்து வேலை செய்யும் கவர்னர் ஒரு வகை. அதன் சவ்வில் ஒரு கீறல், அல்லது அதற்குப் போகும் பைப்பில் ஒரு வெடிப்பு என்றால் போதும், வண்டி ஊஞ்சல் ஆடும். மறுபடியும் திருட்டுக் காற்றுதான், கவனியுங்கள்.

இந்த வியாதி மோட்டார் வண்டியைவிட ரொம்பப் பழையது. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இன்ஜினுக்குச் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்துக் கவர்னர் செய்தார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். அடுத்த நூற்றாண்டில் கவர்னர் வைத்த இயந்திரங்கள் சில நேரம் அடங்காமல் ஊசலாடுவது பலரைக் குழப்பியது. 1840-இல் வானியலாளர் ஏரி, டெலஸ்கோப்பைச் சீராகத் திருப்பும் கடிகாரப் பொறியில் இதே ஆட்டத்தைப் பார்த்து அதற்குக் கணக்கு எழுதினார். 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ‘கவர்னர்களைப் பற்றி’ என்று ஒரு கட்டுரை எழுதி, எந்த நிலையில் இந்த ஆட்டம் அடங்கும், எந்த நிலையில் வளர்ந்துகொண்டே போகும் என்பதைச் சமன்பாட்டில் வைத்தார். மின்காந்தத்துக்குப் பெயர்போன அதே மாக்ஸ்வெல்தான்.

கணக்கை விட்டுவிட்டுச் சொன்னால், கீஸர் குழாயைத் திருகிக் குளிக்கிறவருக்கு இது தெரியும். தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று திருகுகிறோம். சூடு குழாய் வழியாக வந்து சேரச் சில நொடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னும் திருகுகிறோம். வந்ததும் சுடுகிறது. அவசரமாகத் திருப்பித் திருகுகிறோம், சில்லென்று ஆகிறது. கையும் சரி, குழாயும் சரி, பழுதில்லை. திருத்தம் தாமதமாகப் போய்ச் சேருகிறது, அளவுக்கு அதிகமாகவும் போய்ச் சேருகிறது. கீஸரை மாற்றினாலும் கையை மாற்றினாலும் இது நிற்காது.

இந்த ஆட்டத்துக்குப் பழைய மருந்து ஒன்று உண்டு, எடை. 1955-இல் திருவொற்றியூருக்கு வந்த என்ஃபீல்ட் தொழிற்சாலையின் புல்லட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே சிலிண்டர், உள்ளே கனமான ஃப்ளைவீல். இரண்டு வெடிப்புக்கு நடுவில் ஒரு யுகம் இருப்பது போலத் தடக்... தடக் என்று நிதானமாக நிற்கும். ஒரு வெடிப்பு சரியாக விழாவிட்டாலும் ஃப்ளைவீலின் கனம் அடுத்த வெடிப்பு வரை இழுத்துக்கொண்டு போய்விடும். சின்ன காரில் எடையையெல்லாம் குறைத்துவிட்டதால் அந்தத் தாங்கல் இல்லை. (புல்லட்காரர்கள் அந்தச் சத்தத்துக்காக ஸ்லோவை இன்னும் இறக்கி வைப்பது வேறு கதை. ஆயில் பம்புக்கு அது நல்லதில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.)

அடுத்து நம்ம ஊர் கார்களின் ஸ்லோவில் கை வைத்தது அரசு. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதி, புகைச் சோதனையை வண்டி ஸ்லோவில் நிற்கும்போது செய்யச் சொன்னது. பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் வேனோ பெட்டிக்கடையோ வைத்து, சைலன்சரில் குழாயைச் சொருகி, சர்டிஃபிகேட் கொடுக்கும் காட்சி அப்படி வந்ததுதான். ரோட்டில் கார் என்ன புகை விடுகிறது என்று அந்தச் சோதனை கேட்கவில்லை. சும்மா நிற்கும்போது என்ன விடுகிறது என்று மட்டும் கேட்டது.

பழைய கார்பரேட்டர் காருக்கு இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது, மிக்சர் ஸ்குரூ. அதைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தால் மோனாக்சைடு மளமளவென்று இறங்கும். சர்டிஃபிகேட் வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த இன்ஜின், எங்கோ கொஞ்சம் ஏர் பிடிக்கிற பேக்கிங், இதோடு பெட்ரோலையும் குறைத்தால் வெடிப்பு தவற ஆரம்பிக்கும், ஸ்லோ ஏறி இறங்கும். சோதனை முடிந்ததும் பழையபடி திருகிக்கொள்வார்கள். இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. காதுக்குச் சரியாக இருந்த ஸ்லோவும் மீட்டருக்குச் சரியாக இருந்த ஸ்லோவும் வேறு வேறு என்பதை அந்த ஸ்குரூ வெளியே காட்டிக் கொடுத்தது. சத்தத்தை வைத்துச் சீராக இருக்கிறது என்று காது தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் கொஞ்சம் பெட்ரோல் அதிகமான இடம். விஷப்புகை அதிகமான இடமும் அதுதான். அடைத்த ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டு மணிக்கணக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசித்தால், பழைய காலத்தைப் புகழ்வதற்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது.

இன்றைக்கும் கார்பரேட்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20 சதவீதம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், 20 சதவீதக் கலவையை எரிக்கத் தேவைப்படும் காற்று 8 சதவீதம் போலக் குறைவு. பழைய ஜெட்டும் பழைய ஸ்குரூவும் இதை அறியாது. முன்பு போலவே காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கலவை மெலிந்துபோகும். முதலில் அடி வாங்குவது ஸ்லோதான்.

சென்னையில் 2001 ஜூலையில் பாரத் ஸ்டேஜ்-2 விதி வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சின்ன கார்களில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஸ்லோவுக்கு ஈசிஎம் என்கிற கம்ப்யூட்டர் பொறுப்பேற்றது. எண்ணூர் ஆஸ்டினுக்குத் தேவைப்படாத காவல்காரன், டீசல் வழியாக இல்லாமல் இந்தச் சுற்றுவழியில் பெட்ரோல் காருக்குள்ளும் வந்து சேர்ந்தான். ஐட்லிங் வால்வு என்பது அவன் கை. சுற்று குறைந்தால் வால்வைத் திறந்து காற்றைக் கூட்டுவான், கூடினால் மூடுவான். காவல்காரன் இருந்தால் ஹண்டிங் வியாதியும் இருக்கும் என்பதுதான் வாட் காலத்திலிருந்து பார்த்த சங்கதி.

இதிலும் முன்கதை உண்டு. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதில் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தார்கள். ஆக்சிலேட்டரில் கால் இல்லை, ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது என்றால் வண்டி சரிவில் இறங்குகிறது என்று பொருள். அப்போது பெட்ரோல் வேண்டாம், நிறுத்து. வேகம் குறைந்ததும் மறுபடி கொடு. சிக்கனமான யோசனை. ஆனால் எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழைந்து ஸ்லோ உயர்ந்துவிட்டால், நின்றுகொண்டிருக்கும் வண்டி சரிவில் இறங்குவதாக அந்தப் பெட்டி நினைத்துக்கொள்ளும். பெட்ரோலை நிறுத்தும், சுற்று விழும். மறுபடி கொடுக்கும், சுற்று ஏறும். மறுபடி நிறுத்தும். நின்ற இடத்தில் ஏறி இறங்குவது அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பழகிப்போன தொல்லை.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1,500-க்கு ஏறுகிறது, சட்டென்று விழுகிறது. என் வண்டியும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. என் கார் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் ஊற்றும் வகை. அதனால் திருட்டுக் காற்று வந்தாலும் அந்தக் காற்றுக்கும் சேர்த்து ஒழுங்காகப் பெட்ரோல் கொடுத்துவிடும். கார்பரேட்டர் வண்டியைப் போல மெலிந்து திணறாது, வேகமெடுக்கும். உச்சிக்குப் போனதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டும்.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டபோது ஐட்லிங் வால்வின் அளவு ‘0’ என்று காட்டியது. பையன், ‘சார் வால்வு ஸ்டக் ஆயிடிச்சு, மூடியே கெடக்குது’ என்றான். புது வால்வு போட்டார்கள். புது வால்வும் 0 காட்டியது. வால்வு ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை. கதவை முழுசாக மூடிவிட்டேன், இதற்கு மேல் மூட என்னிடம் ஒன்றுமில்லை, இன்னும் காற்று வருகிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் புகார் கொடுக்க வந்தவனைக் குற்றவாளி என்று பிடித்துப் போட்டுவிட்டோம்.

இதோடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷெட் வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். அம்பாசடர், பத்மினி காலத்து ஆள். நான் மாக்ஸ்வெல்லை எல்லாம் சொல்லவில்லை. ‘0’ சங்கதியை மட்டும் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து வண்டியை ஓடவிட்டு, சும்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கொறடுவின் வாயில் துணியைச் சுற்றி, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாக அதன் அடிப்பக்கத்தில் நசுக்கிப் பிடித்தார். ஒன்று, மாற்றமில்லை. இரண்டு, மாற்றமில்லை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸை நசுக்கியதும் இன்ஜின் அணைவது போலச் சரிந்து, எழுந்து, 800-இல் நின்றது. அப்படியே நின்றது. கையை எடுத்தார், மறுபடி ஊஞ்சல்.

“காத்து திருட்டுத்தனமா உள்ள பூந்துனு கீது தம்பி. வால்வு இன்னா பண்ணும், பாவம்.”

ஓஸ் ஒரு தகட்டின் மேல் வளைந்து போகும் இடத்தில், அடிப்பக்கமாக, உரசி உரசி ஒரு பிளவு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. வளைத்தால் வாய் திறக்கிறது. ‘இந்த ஓஸ்ல வாக்கும் இருந்தாத்தான் ஒனக்கு பிரேக்கு லேசா புடிக்கும்’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டிரெய்லருக்கு முன்னால் நான் அணைந்து நின்றதைப் பற்றித்தான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். டிரெய்லருக்குப் பின்னால் நான் நிற்க வேண்டிய நேரத்தை யோசிக்கவே இல்லை.

புது ஓஸ் போட்டாயிற்று. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. இப்போது ஸ்லோ தணிந்துபோய் 600-இல் முக்கியது. பார்த்தால், த்ராட்டிலின் ஸ்டாப் ஸ்குரூவில் கம்பெனி போட்ட மஞ்சள் பெயின்ட் உடைந்திருந்தது. ஏற்ற இறக்கத்தை அடக்குகிறேன் என்று யாரோ நடுவில் அதைத் திருகியிருக்கிறார்கள். தொடக்கூடாத ஸ்குரூ அது. அதைக் காதை வைத்துச் சரிசெய்ய முடியாது என்று பெரியவரே சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஸ்கேனர் வைத்திருக்கும் பையனைக் கூப்பிட்டார். பையன் திரையைப் பார்த்து அளவு சொல்லச் சொல்ல, இவர் மயிரிழை மயிரிழையாகத் திருகினார். வால்வின் அளவு 0-ஐ விட்டு மேலே வந்து, தானே கொஞ்சம் திறந்து மூடி விளையாட இடம் கிடைத்த நிலையில் நிறுத்தினார்கள். பேட்டரி வயரைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்துவிட்டு மாட்டினார்கள். கம்ப்யூட்டர் பழைய பழக்கத்தை மறக்க வேண்டுமாம்.

ஏசி போட்டால் சுற்று ஒரு கணம் தாழ்ந்து, எழுந்து நிற்கிறது. அது நியாயமானதுதான், காவல்காரன் வேலை செய்கிறான். கழற்றிப்போட்ட பழைய ஐட்லிங் வால்வைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதே பையன் அதையும் ஒரு நாள் மாட்டிப் பார்த்தான். அருமையாக வேலை செய்கிறது. மேஜை டிராயரில் கிடக்கிறது.